பெயர் கொடுக்காத சனிக்கிழமை

மர்பி டவுனில் எங்கள் சபையில் திருவிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் மறுநாள் முன்னால் போய் முழங்காலில் நிற்கலாம். சபைக் குருவை எங்களில் ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் சொல்கிற ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஓஸ்வால்ட் ஐயர் இருந்தார். இரைப்பு நோய்க்காரர், சாது. முன்னறையில் மேசை போட்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வருகிறவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் பதிவில் எழுதுவார்.

யாரோடாவது பகை இருந்தால் சமாதானம் பண்ணிக்கொண்டுதான் பெயர் கொடுக்க வேண்டும் என்று எந்தக் காலத்து மிஷன் துரையோ சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். சட்டம் நல்ல சட்டம்தான். நாங்கள்தான் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஐயர் மேசைக்கு முன்னால் நின்று கை கொடுத்துக்கொள்வார்கள். ஐயர் தலையை ஆட்டுவார், இரண்டு பெயரும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் குடிப்பார்கள். திங்கட்கிழமை காலையில் குழாயடியில், விட்ட இடத்திலிருந்து சண்டையை எடுத்துக்கொள்வார்கள். ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை. என் ஓரகத்திக்கு நானே அப்படி ஒரு டஜன் தடவை கை கொடுத்திருக்கிறேன்.

ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர்கள் ரொட்டிக்கடை தியோடரும் அவர் தம்பி டெஸ்மண்டும்தான். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு திருவிருந்தும் தவறினது கிடையாது. இரண்டு பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். மேசைக்கு முன்னால் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, ஒருவர் இடது பக்கமாகவும் ஒருவர் வலது பக்கமாகவும் வெளியே போவார்கள். ஐயர் பிறகு பிறகு நிமிர்ந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது தியோடர் வீடு, அதற்கடுத்தது டெஸ்மண்ட் வீடு. அவர்கள் அப்பா இருந்தபோது அது ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது பிறகுதான். பின்பக்கத்து முற்றமும் தண்ணீர்க் குழாயும் இன்னும் பொதுதான். தியோடருக்கு அல்சூர் மார்க்கெட் போகிற வழியில் ரொட்டிக்கடை, கடைக்குப் பின்னாலேயே அடுப்பு. டெஸ்மண்ட் கமர்ஷியல் தெருவில் ஒரு தையற்கடையில் துணி வெட்டுகிறவர். துரைமார்களின் கோட்டுக்குச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டினால் ஒரு நூல் பிசகாது என்று பெயர்.

பகைக்குக் காரணம் தெருவுக்கே தெரியும். தியோடருக்கு ஒரே பிள்ளை, சில்வெஸ்டர். அடுப்பு வேலை பிடிக்காத பையன். விடியுமுன் எழுந்து மாவு பிசைவதும், கண்ணெரிய எரிய அடுப்பு வாயில் நிற்பதும் அவனுக்கு ஆகவில்லை. அப்பாவோடு தினமும் மல்லுக்கட்டு. டெஸ்மண்டுக்கு ரங்கூனில் ஒரு மரக்கடையில் தெரிந்த மேஸ்திரி இருந்தார். அண்ணனிடம் மூச்சு விடாமல், பையனுக்கு ஒரு கடிதம் கொடுத்து, மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டுவிட்டார். கப்பல் கிளம்பின பிறகுதான் தியோடருக்குத் தெரியும். அது ஆகஸ்டில். ஜனவரியில் தந்தி வந்தது, வாந்திபேதி என்று. பத்தொன்பது வயசு. உடம்பை எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

சலோமி இருந்தவரைக்கும் அந்தச் சுவருக்கு ஒரு ஓட்டை இருந்தது என்று சொல்ல வேண்டும். சலோமி, தியோடர் சம்சாரம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் என்றாலும், குழாயடியில் டெஸ்மண்ட் சம்சாரம் கேத்தரினோடு இரண்டு வார்த்தை பேசுவாள். கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும், ஊறுகாய் ஒரு கரண்டி இந்தப் பக்கம் வரும். ஆண்களுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள். முப்பத்திரண்டாம் வருஷம் சலோமி நிமோனியாவில் போனாள். அதோடு கிண்ணங்களும் நின்றன.

அதற்குப் பிறகு தியோடர் வாழ்ந்த வாழ்க்கையை நான் எங்கள் சமையலறையிலிருந்தே பார்த்திருக்கிறேன். மதியம் கடையிலிருந்து வருவார். மாவு படிந்த சட்டையைக் கழற்றி உதறுவார். விற்காமல் போன ரொட்டியில் கருகின விளிம்பைச் சீவிவிட்டு, தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவார். எந்நேரமும் அதுதான். ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிறவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. நாங்கள் ஏதாவது கொடுத்தனுப்பினால் மரியாதையாக வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை மறுநாள் நாலு பன் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடன் வைத்துக்கொள்ளாத மனுஷனுக்கு உதவி செய்வதும் கஷ்டம். ஆறு மணிக்கு விளக்கேற்றி மேசையில் உட்கார்ந்து, வேதத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். உதடு அசையும். அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது.

அந்த வருஷம் ஜூலை மாதத் தூறல் மூன்று வாரமாக விடவில்லை. எங்கள் ஊர் ஜூலை மழை பெரிய மழையில்லை. பொடியாக, நாளெல்லாம் நசநசவென்று பெய்து, துணி காயாமல், விறகு பிடிக்காமல் உயிரை வாங்கும். குழாயடிக் கல்லில் பாசி பச்சைப் பசேலென்று ஏறியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டெஸ்மண்ட் இரண்டு வாளியோடு வந்தவர், அந்தக் கல்லில் கால் வைத்ததும் தடாலென்று மல்லாக்க விழுந்தார். வாளிகள் உருண்டு சுவரில் முட்டின. ஐம்பத்து நாலு வயசு உடம்பு. எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தார்.

தியோடர் தன் சமையலறை ஜன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். நானும் என் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் இறங்கி வரவில்லை. கேத்தரின்தான் ஓடிவந்து புருஷனைத் தூக்கிக்கொண்டு போனாள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பங்காளி விழுந்தால் பங்காளி தூக்குகிற வழக்கம் எங்கள் தெருவில் என்றைக்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுக்க நின்றிருந்தோம். குடைகளெல்லாம் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தன. டெஸ்மண்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். தியோடர் ஏற்கெனவே மேசையண்டை நின்றார். ஐயர் பேனாவை மையில் தோய்த்தார். டெஸ்மண்ட் வழக்கம்போல எங்கேயோ பார்த்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

அந்தக் கை அப்படியே நின்றது.

"என் பேரை எழுதாதீங்க, ஐயா" என்றார் தியோடர்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது. இவன் மேல எனக்கு இருக்கிறது இன்னும் போவல. அதான்."

"ஏப்ரல்ல கை குடுத்தீங்களே, தியோடர்."

"கைதான் குடுத்தேன். நாப்பத்தஞ்சு தடவை குடுத்திருக்கேன். நேத்து உக்காந்து எண்ணிப் பார்த்தேன்." அவர் குரல் உயரவில்லை. கடையில் ரொட்டி விலை சொல்கிற குரல்தான். "வியாழக்கெழமை இவன் கொழாயடில வழுக்கி உழுந்தான். நான் ஜன்னல்ல நின்னுக்கினு பார்த்தேன். எனக்குச் சந்தோசமா இருந்திச்சு, ஐயா. சலோமி போன அப்புறம் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததே இல்ல. சிரிச்சிருக்கேன். அது எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது. இதை வெச்சுக்கினு நாளைக்கு அந்தப் பாத்திரத்துல வாய் வெக்க எனக்குப் பயமா இருக்குது."

டெஸ்மண்ட் நீட்டின கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஐயர் என்னவோ சமாதானமாகச் சொல்லப் பார்த்தார். மனுஷ மனசு அப்படித்தான், கை கொடுத்தால் மனசும் மெள்ள மெள்ளப் பின்னால் வரும் என்கிற மாதிரி. பதினோரு வருஷமாக வரவில்லையே என்றார் தியோடர். டெஸ்மண்ட், "என் பேரை எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியேறினார்.

அன்று ராத்திரிக்குள் மர்பி டவுன் முழுக்கச் செய்தி போய்விட்டது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. திருவிருந்துக்கான ரொட்டி முப்பது வருஷமாகத் தியோடர் கடையிலிருந்துதான் போகிறது. சமாதானமாகாதவன் சுட்ட ரொட்டியைச் சபை வாங்கலாமா என்று மூப்பர்கள் கூடிப் பேசினார்களாம். மதுவிலக்குப் பேசுகிற எங்கள் மூப்பர்கள், மாவு உப்பத் தியோடர் கள் ஊற்றுகிறார் என்பதை மட்டும் அத்தனை வருஷமும் கேட்டதில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வேறு ரொட்டிக்கு எங்கே போவது என்பதால் அந்த விவாதம் தானே முடிந்தது.

ரொட்டி வந்தது. தியோடரும் வந்தார். எப்போதும் இரண்டாவது வரிசையில் உட்காருகிறவர் கடைசி வரிசையில், திருவிருந்து வாங்கும் வயசு வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து முன்னால் போனோம். திரும்பி வருகையில் நான் அவரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தன் கையால் சுட்டது பிட்டுப் பிட்டு எல்லோர் கைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கோயிலில் அவ்வளவு தனியாக ஒரு மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு என் ஓரகத்தி ஞாபகம் வந்தது. அதற்காகத் தியோடர் மேல் எனக்குக் கோபமும் வந்தது.

அன்று மத்தியானம் டெஸ்மண்ட் பின்முற்றத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குள் போனார். எங்கள் தெருச் சுவர்கள் பெயருக்குத்தான் சுவர். பாதி நான் கேட்டது. மீதி, பின்னாலேயே ஓடிவந்து வாசற்படியில் நின்ற கேத்தரின் பிறகு எனக்குச் சொன்னது.

"சபை முன்னாடி என்னைக் கொலகாரன் ஆக்கிட்டே" என்றார் டெஸ்மண்ட். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"நான் என்னைப் பத்திதான் சொன்னேன்."

"ஊரு அப்படியா எடுத்துக்கும்? மறந்து போனவனெல்லாம் இன்னிக்கு எழுந்துக்கினு சில்வெஸ்டர் கதையைப் பேசுறான். கோயில் வாசல்ல என் பொஞ்சாதி மூஞ்சியப் பார்த்துப் பேச மாட்டேங்கறாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா சும்மனே கையைக் குடுத்துட்டுப் போனா உனக்கு இன்னா பேஜாரு?"

"நீ அனுப்பினியா, இல்லியா?"

"அனுப்பினேன். உன்னாண்ட சொல்லாம அனுப்பினேன். தப்புத்தான். இத்தை ஒரு நாளாவது என்னைக் கேட்டியா அண்ணே? நீ கையை நீட்டினே, நானும் நீட்டினேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இன்னா சொல்லியிருப்பே?" என்று தியோடர் கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எதிர்ப்பேச்சுக்கு எதிர்ப்பேச்சு. ஆனால் கோபத்தோடு வந்த டெஸ்மண்ட் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது என்றாள் கேத்தரின். மூலையில் கிடந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அவன் எனக்கு ஒரு லெட்டர் போட்டான், அண்ணே" என்றார். "நவம்பர்ல."

கேத்தரினுக்கே அது தெரியாது. அவளும் அப்போதுதான் கேட்கிறாள்.

"திரும்பி வரணும்னு எழுதியிருந்தான். கப்பல் சார்ஜ் அனுப்பச் சொல்லி."

"பதில் போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நாலு மாசத்துல திரும்பி வந்தா, அனுப்பின என் மூஞ்சியிலதானே கரி பூசுவாங்கன்னு நெனச்சேன். ஆம்பளப் பையன், கொஞ்சம் கஷ்டப்பட்டா பழகிடுவான்னு நெனச்சேன். அப்புறம் கிறிஸ்மஸ் வேலை ஜாஸ்தி வந்திச்சு. அப்புறம் தந்தி வந்திச்சு."

தியோடர் அடிக்கவில்லை, கத்தவில்லை. அந்தக் கடிதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். டெஸ்மண்ட் எழுந்து போய், அளவு எழுதுகிற பழைய நோட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார். தியோடர் அதை வாங்கிக்கொண்டு, போ என்றார்.

கடிதத்தை நான் பிறகு பார்த்திருக்கிறேன். பாதிப் பக்கம்தான். 'அன்புள்ள சித்தப்பாவுக்கு, இங்கே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவரும் பேச்சுக்கு இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் கப்பல் செலவுக்கு அனுப்பினால் வந்துவிடுகிறேன். வந்து அப்பாவிடமே அடுப்பு வேலை கற்றுக்கொள்கிறேன். இதை அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லவும்.' கீழே பெயர். எழுத்து அப்பா எழுத்தைப் போலவே சாய்ந்திருக்கும்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ரொட்டிக்கடை அடுப்பு எரியவில்லை. சலோமி செத்த மறுநாள்கூட எரிந்த அடுப்பு அது. அடுப்புக்காரன் டொமினிக் இரண்டு நாளும் வந்து, சாத்தின கதவுக்கு முன்னால் குந்தி, பீடி குடித்துவிட்டுப் போனான். அவன் கத்தோலிக்கன். எங்களில் இதெல்லாம் கூண்டுக்குள் சாமியார் காதில் சொல்லிவிட்டு வருவதோடு சரி, நீங்கள்தான் ஊரைக் கூட்டுகிறீர்கள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். துரைமார் வீட்டுப் பட்லர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். புதன்கிழமை விடியும்போது சவுக்கு விறகுப் புகை வாசம் வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஐயர் அவரைப் பார்க்கப் போனார். போனவர் ஒன்றரை மணி நேரம் இருந்தார். தேறுதல் சொல்லப் போனவருக்குத் தேறுதல் வேண்டியிருந்தது போலத் திரும்பி வந்தார். தியோடர் அவரிடம் சொன்னதை ஐயரே ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், எங்களுக்குச் சொன்னார். பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. "பதினோரு வருசமா கர்த்தராண்ட மரியாதையாப் பேசிக்கினு இருந்தேன், ஐயா. இப்போ சண்டை போட்றேன். ஆனா இப்போதான் எதிர்ல ஒருத்தர் இருக்கிற மாதிரி இருக்குது." அதற்குமேல் பிரசங்கம் நீளவில்லை. ஐயருக்கு இரைப்பு வந்துவிட்டது.

உண்மைதான், அந்த ஆறு மணி ஜெபத்துக்கு இப்போது சத்தம் வந்திருந்தது. கேட்கக் கூடாது என்று நான் எழுந்து முன்பக்கம் போய்விடுவேன். சில நாள் அழுகை, சில நாள் அதட்டல். ஏன் அவனுக்குப் பதில் போடவில்லை என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பார். தம்பியைத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அது மேலே இருக்கிறவரைக் கேட்ட கேள்வி.

மற்ற மாற்றங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பவுண்டு ரொட்டி ஒரு பவுண்டு கனம் ஆயிற்று. நான் வாங்கினதும் கையில் தூக்கிப் பார்த்து, இத்தனை நாள் நாங்கள் சாப்பிட்டது முக்கால் பவுண்டுதான் என்று தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, ஒரு பொய்யை நிறுத்தினால் மற்றதும் கையில் உறுத்துகிறது என்றார். நேற்றைய பன்னை நேற்றையது என்று சொல்லித் தனித்தட்டில் வைத்தார். ஒரு விடியற்காலை பார்க்கிறேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக் கல்லைச் செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறார். பாசி மொத்தமும் போய்க் கல்லின் நிறம் தெரிகிறவரைக்கும் தேய்த்தார். டெஸ்மண்ட் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மறுபக்கத்தில் டெஸ்மண்ட் உருக்குலைந்துகொண்டிருந்தார். சொல்லாமல் பூட்டி வைத்திருந்தபோது நன்றாக நடமாடின மனுஷன், சொன்ன பிறகு படுத்துவிட்டார். ஒரு நூல் பிசகாத கை, ஒரு மேஜருடைய கோட்டில் இரண்டு இடது கையை வெட்டிவைத்தது. கடைக்காரர் ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். கல்யாணமாகிக் கோலாரில் இருந்த மகள் மௌரீன் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். தட்டில் சோறு போட்டால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேத்தரின் குழாயடியில் அழுதாள். அந்தப் பையன் அங்கே என்னத்தைச் சாப்பிட்டானோ என்று ஒரு தடவை சொன்னாராம். இந்தத் தடவை திருவிருந்துக்குப் பெயர் கொடுக்க மாட்டேன், எனக்கு இனிமேல் அது இல்லை என்றும் சொல்லிவிட்டாராம். இதை அப்படியே தியோடரிடம் போய்ச் சொன்னவள் நான்தான். அவர் மாவு சலிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் வந்தது. அந்தச் சனிக்கிழமை ஐயர் வீட்டு மேசைக்கு முன்னால் கூட்டம் குறைவு. ஏழெட்டுப் பேர் பெயர் கொடுக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று மூப்பர்கள் சொன்னார்கள். அந்த ஏழெட்டில் நானும் ஒருத்தி, எனக்குத் தெரியும் காரணம். முதல் நாள் என் ஓரகத்தி வீட்டு வாசல்வரைக்கும் போய், கூப்பிட வாய் வராமல் திரும்பி வந்திருந்தேன். தியோடர் போவாரா மாட்டாரா என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு.

அன்று பகல் ஒரு மணி இருக்கும். வடகிழக்கு மழை ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்திருந்தது. தியோடர் குளித்து, தலை வாரி, கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வாசலில் இறங்கினார். ஐயர் வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றும் நினைத்தேன். அவர் நாலு எட்டு நடந்து, தம்பி வீட்டு வாசற்படியில் நின்று, கதவைத் தட்டினார். பின்முற்றம் வழியாகப் போகவில்லை. தெரு பார்க்க, முன்கதவைத் தட்டினார்.

கேத்தரின் கதவைத் திறந்தாள். உள்ளே டெஸ்மண்ட் தட்டுக்கு முன்னால், வழக்கம்போலத் தொடாமல், உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடிதத்துக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார், இன்றைக்கு என்னவோ நடக்கப்போகிறது என்று தான் நினைத்ததாகக் கேத்தரின் சொன்னாள்.

தியோடர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்தறியாதவர், தம்பி தட்டுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"திருவிருந்துக்கு நான் இன்னும் வரல, டெஸ்மண்ட்" என்றார். "சோத்துக்கு வந்திருக்கேன்."

கேத்தரின் கதவைச் சாத்தாமலே உள்ளே வந்தாள்.

"தட்டு போடும்மா" என்றார் அவளைப் பார்த்து.

"களிதான் இருக்குது மாமா. கீரை கடைஞ்சிருக்கேன்."

"போடு."

அவள் போட்டாள். கீரை தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. டெஸ்மண்ட் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்து பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

"என்னை மன்னிச்சிட்டியா, அண்ணே?"

தியோடர் களியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டார். சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். அவர் சொல்லவில்லை.

"இல்ல" என்றார். "இன்னிக்கு உன் எதிர்ல உக்காந்து சாப்புட முடியுது. காலைல முட்டி போட்டுக் கேட்டேன், இவ்ளோதான் கெடைச்சுது. நாளைக்கு மறுபடியும் கேப்பேன், மறுபடியும் வருவேன்." பிறகு கீரையைத் தொட்டு முதல் வாயை விழுங்கினார். "நீயும் சாப்புடு. ஆறிப்போவுது."

டெஸ்மண்ட் சாப்பிட்டார். தியோடர் இன்னொரு தடவை கீரை கேட்டு வாங்கிக்கொண்டார். கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு இரண்டு பேரும் போகவில்லை.

மறுநாள் கேத்தரின் யாரையும் கேட்காமல் மூன்று பேருக்கு உலை வைத்தாள்.